லே நகரத்துப் பனியும் அதன் பருவமும்

லடாக்கின் தலைநகரங்களுள் ஒன்றாகிய லே, சமுத்திர மட்டத்திற்கு ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்று எளிதில் தாண்டிவர முடியாதபடி இமயத் தொடர் குறுக்கே நிற்க, வருஷம் முழுவதும் பெய்கிற மழையையும் பனியையும் சேர்த்தாலும் சுமார் 100 மில்லிமீட்டரே காண்கிற ஊர். அவ்வூரின் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்தச் சொற்பமான எண்ணைச் சொல்லி, பாலைவனத்தின் தலைவிதி என்று முடித்துவிடுகிறார்கள். எந்த மாதத்தில், எந்த உருவத்தில், மலையின் எந்த உயரத்தில் பெய்தது என்று விசாரிக்காதவரையில், எவ்வளவு பெய்தது என்ற கணக்கினால் லே நகரத்துக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மத்தியதரைக் கடற் பிரதேசத்தில் பிறந்து, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து வருகிற மேற்கத்திய காற்றுச் சலனங்களே குளிர்காலத்தில் லடாக்கின் சிகரங்கள்மேல் பனியைக் கொட்டுகின்றன. சிந்து நதி அருகிலேயே ஓடினாலும், அது பள்ளத்தில் ஓடுகிறபடியால், சரிவிலுள்ள பார்லி வயல்களுக்கு அதன் ஜலம் ஏறுவதில்லை. வடக்கே கார்துங் மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் ஓடைகளே ஊருக்கு ஜீவாதாரம். விதைப்பு நடப்பதோ வசந்தத்தில்; உயரத்திலுள்ள பனியாறுகள் தாராளமாக உருகத் தொடங்குவதோ ஜூன் மாதத்திற்கு மேல். இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில், நாற்றுப் போன்ற இளம்பயிரைக் காப்பாற்றுவது, தாழ்ந்த சரிவுகளில் குளிர்காலம் முழுவதும் கரையாமல் கிடந்த பனி ஒன்றுதான். அதே அளவு ஜலம் ஆகஸ்டு மாதத்தில் மழையாக விழுமானால், புல்லும் மரமும் இல்லாத மலை அதைத் தாங்கி நிறுத்தாது. மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு அது ஓடிவிடும். வில்லோ மிலாறுகளைப் பரப்பி மண் பூசிய அவ்வூர்த் தட்டைக் கூரைகளும் பனியை வழித்துத் தள்ளுவதற்காக ஏற்பட்டவையே அன்றி, விடாமழையைத் தாங்குவதற்கு ஏற்பட்டவை அல்ல.

2010-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி நள்ளிரவையொட்டி நேர்ந்த மேகவெடிப்பை அவ்வூரார் மறக்கமாட்டார்கள். லே நகரத்தின் பேருந்து நிலையத்தையும், சோக்லம்சர் குடியிருப்பையும் சேற்று வெள்ளம் மூடி, இருநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அன்றிரவு பள்ளத்தாக்கிலிருந்த மழைமானி காட்டிய அளவு சுமார் 13 மில்லிமீட்டர்தான்! மேலே மலைச்சரிவில் என்ன பெய்தது என்பதை அளக்க அங்கே ஒரு கருவியும் இல்லை. வறண்ட ஓடைப்படுகை வெறும் நிலம் என்று எண்ணி வீடு கட்டிக் குடியேறிய ஏழைகளும், பிழைப்புக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்த கூலியாட்களும் அந்த அறியாமைக்குத் தங்கள் பிராணனைக் கொடுத்தார்கள்.

லடாக் மக்களோ பருவத்தின் மர்மத்தை அறியாதவர்கள் அல்லர். ஓடைத் தண்ணீரை இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று பகிர்ந்தளிக்கச் சுர்ப்போன் என்ற ஊழியரைக் கிராமத்தார் தாங்களே நியமித்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம். செவாங் நோர்பேல் என்னும் பொறியியலாளர், குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடையை நிழல்பட்ட சரிவுகளில் திருப்பி, கற்சுவர்களால் வேகம் தணித்து, கிராமத்துக்கு அருகிலேயே உறையச் செய்தார். இயற்கைப் பனியாறுகளைவிடத் தாழ்ந்த இடத்தில் உறைவதால், அந்தப் பனி விதைப்புக் காலத்திலேயே உருகிவிடுகிறது. பிற்காலத்தில் சோனம் வாங்சுக் என்பவர், மேட்டிலிருந்து குழாய்வழி இறங்கும் ஜலத்தைக் கடுங்குளிரில் பீய்ச்சி, வெயில் அதிகம் படாத கூம்பு வடிவத்தில் பனி ஸ்தூபியாக உயர்த்திக் காட்டினார். இருவரும் புதிதாக ஒரு சொட்டு ஜலத்தையும் உண்டாக்கவில்லை. ஜனவரி மாதத்துத் தண்ணீரை மே மாதத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதனினும் உயர்ந்த நீர்ப்பாசன ஞானம் எந்தத் தேசத்தில் இருக்கிறதோ, நான் அறியேன். ஆயினும் குளிர்காலப் பனியே பொய்த்துவிட்டால் இவ்வித்தைகளும் ஓர் எல்லைக்கு மேல் உதவமாட்டா. லடாக்கைச் சேர்ந்த சான்ஸ்காரில் கூமிக் என்ற தொன்மையான கிராமத்தின் மக்கள், பனி குன்றி ஓடை வறண்டுபோனதால், வேறிடம் தேடிக் குடிபெயரத் தொடங்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

1974-இல் வெளிநாட்டுப் பிரயாணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட லே, இன்று கோடை மாதங்களில் தன் ஜனத்தொகையைப் பன்மடங்கு மிஞ்சிய விருந்தினரை வரவேற்கிறது. அவர்களுக்கென்று ஹோட்டல்கள் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள், மலைப்பனி பூமிக்குள் ஊறவிட்டதைத்தான் இறைக்கின்றன. தண்ணீரே வேண்டாத, வயலுக்கு எருவும் தருகிற பழைய உலர் கழிப்பறைகள் இருந்த ஊரில், ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர்க் கழிப்பறை கட்டாயம் என்றாகிவிட்டது. விருந்தினர் வருகையால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஓடைத் தலைப்புகளில் பனியளவுக் கருவிகளை நிறுவி, மார்ச் மாத முடிவில் மலைமேல் கிடக்கும் பனியை மதிப்பிட்டு, அந்தக் கோடையில் கிணறுகளிலிருந்து எவ்வளவு இறைக்கலாம், எத்தனை அறைகளுக்கு அனுமதி கொடுக்கலாம் என்பதை வருஷந்தோறும் நிர்ணயிக்கிற ஒரு சபை அங்கே ஏற்பட வேண்டும். ஓடைப்படுகையில் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு இருக்க வேண்டும். அந்தச் சபையில் உத்தியோகஸ்தர்களுக்கும் ஹோட்டல் முதலாளிகளுக்கும் சமமான ஆசனத்தில், கிராமங்களின் சுர்ப்போன்களும் வாக்குரிமையோடு அமர வேண்டும்.