மஞ்சள் நீராட்டுக்குப் பின் ஏன் இந்த மௌனம்?

மகள் வயதுக்கு வந்தால் பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீரோடு உறவைக் கூட்டுகிறோம். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த பின்பும் இந்த வழக்கத்தை நாம் விடவில்லை. அதே மகளுக்கு நான்கு மாதம் மாதவிலக்கு வராவிட்டால் வீட்டில் பேச்சே எழுவதில்லை. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மூடிவிடுகிறோம். ஊருக்குச் செய்தி போனால் வரன் தட்டிப்போகுமே என்ற அச்சம் வேறு. இந்த மௌனம் நம் பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்பதே என் கருத்து.

நாம் 'நீர்க்கட்டி' என்றும் டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்றும் சொல்லும் இக்கோளாறு, பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. 1935ல் சிகாகோ டாக்டர்கள் ஸ்டெய்னும் லெவன்தாலும் ஏழு பெண்களிடம் கண்டு இதை எழுதினார்கள். பெயரிலுள்ள 'கட்டி'தான் நம்மைப் பயமுறுத்துகிறது. உண்மையில் ஸ்கேனில் தெரிபவை முழு வளர்ச்சி பெறாமல் நின்றுபோன முட்டைப்பைகள். அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல.

பலருக்கு இதன் பின்னால் இருப்பது இன்சுலின். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின், சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும், முகத்தில் பருவும் முடியும் தோன்றுவதும் இதனால்தான். ஒல்லியான பெண்களுக்கும் இது வரும்.

ஆகவே இது பிள்ளைப்பேறு பற்றிய கவலை மட்டுமல்ல, சர்க்கரை நோய் பற்றிய முன்னெச்சரிக்கையும்கூட. நம் குடும்பங்களிலோ "குழந்தை பிறக்குமா?" என்பது ஒன்றே கேள்வி. பிறந்துவிட்டால் நோய் போய்விட்டதாக எண்ணுகிறோம். சிகிச்சையோடு பெரும்பாலோர் தாயாகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அபாயம் அதன்பிறகும் தொடர்கிறது. மாதவிலக்கு நெடுங்காலம் வராமலிருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய்க்கும் இடம் உண்டாகலாம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. பெங்களூரை அடுத்த ஜிகனியில் உள்ள எஸ்-வியாசா யோகப் பல்கலைக்கழகத்தார், ஆந்திராவில் இக்கோளாறுள்ள 90 மாணவிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு யோகமும் மற்றதற்கு உடற்பயிற்சியும் 12 வாரம் அளித்தார்கள். யோகம் செய்தவர்களிடம் ஹார்மோன்களும் இன்சுலின் நிலையும் கூடுதலாகச் சீரடைந்ததாக 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். உடல் கனத்தவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. இதற்கு மகளுக்கு மட்டும் பத்தியம் வைப்பது நியாயமல்ல. வீட்டார் அனைவரும் சோற்றைக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டி, சேர்ந்து நடக்கலாமே!

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வயதுக்கு வந்து மூன்றாண்டு ஆன பின்பும் மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலோ, ஆண்டுக்கு எட்டு முறைக்குக் குறைந்தாலோ டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். பி.சி.ஓ.எஸ். என்று தெரிந்தால் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையையும் கேளுங்கள். டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதினால் பதற வேண்டாம். மாதவிலக்கைச் சீராக்கவும் அது தரப்படுகிறது.

சங்கத்தாருக்கும் ஒன்று. பொங்கல் விழாவில் பட்டிமன்றத்தோடு, தமிழறிந்த பெண் டாக்டர் ஒருவரையும் ஒரு மணி நேரம் பேச வையுங்கள். கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராத தாய்மார்கள், மனதிலிருப்பதை அங்கேயாவது தமிழில் கேட்கட்டும்.