முதல் அணுவோடு நின்றுவிடும் கண்

தமிழ் பயிற்றுவிப்பவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் என் மகளின் ஐயமே காரணம்.

நான்கு வெவ்வேறு தொகுதிகளை ஏந்திய கார்பன் அணுவே கைரல் மையம் என்பது விதி. 3-மெத்தில்ஹெக்சேனின் மூன்றாம் கார்பனை அவள் தள்ளிவிட்டிருந்தாள். இருபுறமும் மெத்திலீன்தானே என்பது அவள் வாதம். கிளையின் இறுதிவரை சென்றால் ஒருபுறம் எத்தில், மறுபுறம் புரோப்பைல். மெத்திலும் ஹைட்ரஜனும் சேர, நான்கும் வேறு வேறு.

பிழை அவளுடையதன்று. விதியை மனனம் செய்வித்து, பார்க்கக் கற்பிக்காத வகுப்பறையினுடையது. மீசோ டார்டாரிக் அமிலத்தில் இரு கைரல் மையங்கள் உண்டு. எனினும் ஒரு பாதி மறுபாதியின் ஆடிப் பிம்பமாதலால் மூலக்கூறு கைரல் அன்று. மையங்களை எண்ணினால் மட்டும் போதாது. முழுமையைக் காண வேண்டும். டார்டாரிக் அமிலக் குடும்பத்தின் உப்புப் படிகங்களை 1848இல் லூயி பாஸ்டர் இடம், வலம் என ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்ததும் அத்தகைய பொறுமையான பார்வையால்தான்.

செய்யுளின் முதற்சீரைக் கண்டதுமே பொருள் எழுதிவிடும் என் மாணவரிடமும் இதே குறைதான். கிளையின் நுனிவரை செல்லாத வாசிப்பு எத்துறையிலும் வாசிப்பாகாது.