ஆபத்து வேளையில் கைக்கெட்டும் மருந்து

ரண சிகிச்சை என்றாலே நமது ஜனங்களுக்குக் கத்தியின் மீதுதான் பயம். கத்தி பிடிக்கும் டாக்டரின் கைராசியைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, மயக்க மருந்து கொடுத்து, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கண் கொட்டாமல் கவனிக்கும் டாக்டர் யார் என்று விசாரிப்பவர் அரிது. உண்மையில் சிகிச்சை மேஜையின் மீது பிராணன் ஊசலாடும் வேளையில் அதைப் பிடித்து நிறுத்துகிறவர் பெரும்பாலும் இவரே. இவர் கையில் தக்க மருந்து தக்க சமயத்தில் இருக்கிறதா என்பது பொதுஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்பது நமது அபிப்பிராயம்.

சிஸேரியன் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். இக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பாகத்தை மரத்துப்போகச் செய்கிறார்கள். 1898-ல் ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியர் தொடங்கிவைத்த முறை இது. தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைத் தானே கேட்கிறாள். நல்ல முறைதான். ஆனால் அந்த மருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளோடு, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் அடக்கிவிடுகிறது. குழாய்கள் தளர்கின்றன, ரத்தம் கீழே தேங்குகிறது, இருதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, அழுத்தம் சரிகிறது. போதாதற்கு, மல்லாந்து படுத்தவளின் நிறைந்த கர்ப்பப்பை பெரிய ரத்த நாளத்தை அமுக்குகிறது. தாய்க்குக் குமட்டலும் தலைசுற்றலும் உண்டாகின்றன. கவனியாது விட்டால் நினைவு தப்பும். இருதயமே நின்று போகவும் கூடும். நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லும் ரத்தமும் குறைகிறது.

இது விதியுமல்ல, தெய்வ கோபமுமல்ல. முன்கூட்டியே அறியப்பட்ட விளைவு. அதற்கு மருந்தும் உண்டு.

அம்மருந்துகளின் சரித்திரத்தில் ஆசியாவின் பங்கு சிறிதல்ல. சீன வைத்தியர்கள் நெடுங்காலமாக வழங்கிவந்த மாஹுவாங் என்னும் செடியிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தவர் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி, ஆண்டு 1885. அதன் குணத்தை 1924-ல் பீக்கிங் நகரிலிருந்து உலகுக்கு விளக்கியவர்கள் சென் என்ற சீனரும் ஷ்மிட் என்ற அமெரிக்கரும். அட்ரினலினைத் தூய வடிவில் பிரித்து 1901-ல் வெளியிட்ட தகாமினேயும் ஜப்பானியரே. நமது இமயச் சாரலில் விளையும் எபிட்ரா செடிகளை ராம்நாத் சோப்ரா கல்கத்தாவில் ஆராய்ந்தார். கீழ்நாடுகள் இத்துறையில் பிறர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இவை சான்று.

எந்த மருந்து சிறந்தது என்பதிலும் அறிவு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பல்லாண்டுகளாகப் பிரசவ சிகிச்சையில் எபிட்ரினுக்கே முதலிடம். பிற்பாடு, அது குழந்தையின் உடலுக்குள்ளும் புகுந்து ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுவது தெரியவந்தது. பினைலெப்ரின் என்ற மருந்தில் இக்குறை குறைவு. ஆயினும் அது நாடியை மெதுவாக்கும். 2015-ல் ஹாங்காங் டாக்டர்கள் நாரட்ரினலினைச் சோதித்து, அது அழுத்தத்தைத் தாங்குவதோடு இருதய ஓட்டத்தையும் அதிகம் குறைப்பதில்லை என்று கண்டார்கள். 2018-ல் பல தேசத்து நிபுணர்கள் கூடி வெளியிட்ட முடிவில், அழுத்தம் விழும்வரை காத்திராமல் ஊசி போட்டவுடனேயே பினைலெப்ரினைத் தொடர்ச்சியாகச் செலுத்த வேண்டும் என்றும், தாயின் அழுத்தம் அவளது இயல்பான அளவில் 100-க்கு 90-க்குக் குறையாதிருக்கப் பார்க்க வேண்டும் என்றும் கூறினார்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுவே.

பிரசவ அறைக்கு வெளியேயும் இம்மருந்துகளே துணை. ஒவ்வாமையால் திடீரென அழுத்தம் வீழ்ந்தவருக்குத் தொடைச் சதையில் போடும் அட்ரினலின் உயிர் தரும். ரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் வீழ்ந்தவருக்கு நாரட்ரினலினே முதல் மருந்து. கழுத்து நாளத்தில் குழாய் செருகும் வரை காத்திராமல் கைநாளத்திலேயே அதைத் தொடங்கலாம் என்று 2021-ல் வெளிவந்த சர்வதேச விதிமுறைகள் அனுமதிக்கின்றன. சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ரத்தம் பெருகி ஓடுகிறவருக்கு இம்மருந்துகள் ரத்தத்துக்கு ஈடாகமாட்டா. ஓட்டைக் குடத்தின் வாயை இறுக்கிக் கட்டுவதால் நீர் நிற்குமா? ஒழுக்கை அடைத்து, இழந்த ரத்தத்தைச் செலுத்துவதே அங்கே சிகிச்சை.

நமது தேசத்தின் நிலை என்ன? மேல்நாடுகள் பலவற்றில் வழக்கற்றுப்போன மெபென்டர்மின் இங்கே இன்னும் மயக்க அறைகளில் பரவலாக வழங்குகிறது. மலிவானது, கையாளவும் எளியது, அதனால் காப்பாற்றப்பட்டவர்கள் அநேகர். அதை நாம் இகழவில்லை. ஆனால் அதே மருந்தைத் தேகப்பயிற்சிக் கூடங்களில் வாலிபர்கள் பலம் கூடும் என்று நம்பித் தங்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்ளும் கேடு பரவியிருக்கிறது. இருதயத்தை விரட்டி அடிக்கும் மருந்து அது, பழகினால் விடாது. டாக்டரின் சீட்டின்றி அதை விற்பவன் வாலிபரின் ஆயுளைக் காசாக்குகிறான். இவ்வியாபாரத்தை சர்க்கார் ஈவிரக்கமின்றி ஒடுக்க வேண்டும். அந்தக் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கிடைக்காமற் போகாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனினும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. பினைலெப்ரின் பல இடங்களில் 10 மில்லிகிராம் அடங்கிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் வருகிறது. ஒரு வேளைக்குத் தேவையானதோ 50 முதல் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு குப்பியில் நூறு வேளைக்கு மேற்பட்ட மருந்து இருக்கிறது! அவசரத்தில், அரைத்தூக்கத்தில், நள்ளிரவில் அதை நீர்த்துக் கரைப்பவரின் கணக்கு ஒரு பூஜ்யம் தவறினால் மருந்தே எமனாகும். ஒரே அளவும் ஒரே நிறமுமாக அருகருகே இருக்கும் குப்பிகள் மாறிப்போவதும் உலகெங்கும் நேர்ந்திருக்கிறது. தவறு செய்த நர்ஸையோ டாக்டரையோ தண்டித்துவிட்டால் தீருகிற விஷயமல்ல இது. தவறு நேர இடமில்லாத ஏற்பாடே பரிகாரம்.

ஆகவே நாம் சொல்வது இது. பிரசவ சிகிச்சை நடைபெறும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இம்மருந்துகள் சரியான அளவில் முன்கூட்டியே கரைக்கப்பட்டு, பெயரும் அளவும் பெரிய எழுத்தில் ஒட்டிய ஊசிக்குழல்களில் தயாராகக் கிடைக்க வேண்டும். அவற்றைத் தயாரித்து அனுப்புவது நமது மருந்துத் தொழிலுக்கு எட்டாத காரியமல்ல. இரண்டாவது, அழுத்தத்தைக் கவனிப்பதே தன் முழு வேலையாகக் கொண்ட பயிற்சி பெற்றவர் ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க வேண்டும். மயக்க டாக்டர்களின் பஞ்சத்தைப் போக்கவே எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சித் திட்டத்தை மத்திய சர்க்கார் வகுத்தது. பயிற்சி பெற்றவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு, பயிற்சி தந்தோம் என்று கணக்குக் காட்டுவதில் பயனில்லை.

வைத்திய விஷயத்தில் பாமரர் தலையிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மருந்தின் அளவை நிர்ணயிப்பது டாக்டரின் பொறுப்புதான். அதில் நாம் தலையிடவில்லை. மருந்து அலமாரியில் இருக்கிறதா, அதை அளந்து கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்பது வரி செலுத்தும் ஜனங்களின் உரிமை. பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊர் ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் எழுப்பட்டும். மேடையில் தாய்நாட்டை வாழ்த்துவது எளிது. சிகிச்சை மேஜையில் கிடக்கும் தாயைக் காப்பதே அவ்வாழ்த்துக்கு அர்த்தம் தரும்.