கிழவி பேரும் பச்சப்புள்ளையும்

மகளுக்கு எட்டு மாசம் ஆச்சு. இன்னும் பேர் வைக்கவில்லை. "பாப்பா" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் சொன்ன பேர் குருவம்மாள். என் அப்பத்தா பேர். தங்கமணி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். சரி, அப்பத்தாவாவது சந்தோஷப்படும் என்று ஊருக்குப் போன் போட்டேன். "கிறுக்குப் பயலே, பச்சப்புள்ளைக்குக் கெழவி பேரா? ஸ்டைலா ஒண்ணு வையிடா!"

அந்தக் கெழவி பிறந்த அன்னிக்கு அதுவும் ஒரு பச்சப்புள்ளை பேர்தானே?

நம்ம ஊரில் பேர் பழசாகாமல் இருக்க ஒரு ஏற்பாடு இருந்தது. பேரன் என்றால் பெயரன், தாத்தா பேரைத் தாங்குகிறவன். திண்ணையில் ஒரு முனியாண்டி உட்கார்ந்திருந்தால் தெருவில் இன்னொரு முனியாண்டி அம்மணமாக ஓடிக்கொண்டிருப்பான். அப்புறம் அது எப்படிக் கிழவர் பேராகும்? என் பெரியப்பா மகனுக்குத் தாத்தா பேர். மாமனார் பேரைச் சொல்லித் திட்ட முடியாதே என்று பெரியம்மா கடைசி வரைக்கும் அவனை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டார்.

இந்தச் சங்கிலி அறுந்ததில் எல்லாமே பேஷனுக்காக நடந்ததில்லை. இராமையா அன்பழகன் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் கொள்கைக்காக. பேரைக் கேட்டதும் எந்தத் தெரு என்று மோப்பம் பிடிப்பார்களே, அதுக்காக மாற்றியவர்களும் உண்டு. அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அதுக்கப்புறம் வந்த ரமேஷ், சுரேஷ்? இன்னிக்கு அந்தப் பேரைக் கேட்டாலே தலையில் டை அடித்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார் (நானும் ஒரு சுரேஷ்தான், கோச்சுக்காதீங்க). பேரனுக்குப் போகாத பேர் அந்த ஒரு தலைமுறையோடு சேர்ந்து நரைத்துவிடுகிறது. இன்னும் அறுபது வருஷத்தில் "யாஷிகா பாட்டிக்கு மூட்டுவலி" என்று பேசுவார்கள், பாருங்கள்.

புனே வந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஊரில் அப்பா பேர் ஒரு இனிஷியலுக்குள் ஒளிந்திருந்தது. இங்கே சர்நேம் கட்டத்தில் முழுசாக எழுதியாகணும். ஆபீஸில் நான் "கருப்பசாமி சார்". முதல் மாசம் கூச்சமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்கோ அது பழசும் இல்லை, புதுசும் இல்லை, வெறும் பேர். எதிர்வீட்டு ஆஜி பேர் குசும். "இப்ப யாரும் இந்தப் பேரை வைக்கிறதில்லை" என்று சலித்துக்கொண்டார். எனக்கு அது புத்தம் புதுசாகத்தான் கேட்டது (நம்ம ஊர் குசும்பு ஞாபகம் வந்தது தனிக்கதை). பேரில் ஒன்றுமே இல்லை, யார் யாரை அந்தப் பேரில் பார்த்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

பிறப்பைப் பேர் இல்லாமலே பதியலாம். 12 மாசத்துக்குள் பேர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எங்களுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது. "அம்மாள்" போய்விட்டது. "குருவி" என்றால் யோசிக்கிறேன் என்று தங்கமணி இறங்கி வந்திருக்கிறார்.

அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.