ஒரு சாக்பீஸ் துண்டு போதும்



பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "கிளாஸ்ல சமத்தா உக்காந்திருந்தியா?" என்றுதான் கேட்கிறோம். ஆடாமல் அசையாமல் இருந்தால் நல்ல பிள்ளை. எழுந்து நடந்தால் சேட்டை. வகுப்பறையில் உடம்புக்கு வேலை வந்ததெல்லாம் பெரும்பாலும் தண்டனையாகத்தான்: தோப்புக்கரணம், பெஞ்சு மேல் நிற்பது, மைதானத்தைச் சுற்றி ஓடுவது. ஓடுவதே தண்டனை என்று ஆறு வயதில் மனதில் பதிந்துவிட்டால், உடற்பயிற்சி நல்லது என்று பிற்பாடு சொல்வது எப்படி ஏறும்?

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் நேரே டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பள்ளியில்தான் கிடைத்தாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் கேட்கிறது. ஆனால் உடற்கல்விக்கு ஆள் கேட்பது ஆறாம் வகுப்பிலிருந்துதான்; அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதி நேரமாக. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாம் வகுப்பு ஆசிரியர் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைப் பாடத்துக்குள்ளேயே நிறைவேற்றிய ஓர் ஆசிரியையை ஒரு கிராமத்துப் பள்ளியில் பார்த்தேன். பாய்களைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டு, தரையில் சுவருக்குச் சுவர் சாக்பீஸால் கோடு இழுத்து 0 முதல் 20 வரை எழுதினார். பன்னிரண்டில் ஒரு சிறுமி நின்றாள். "அஞ்சு கழி." பின்பக்கமாகத் தாவினாள், தாவலுக்குத் தாவல் வகுப்பே கைதட்டி எண்ணியது. ஏழில் வந்து நின்றாள். அடுத்து வந்த பையன், நின்ற எண்ணையே ஒன்று என்று எண்ணத் தொடங்கி எட்டில் நின்றுவிட்டான். ஆசிரியை திருத்தவில்லை. "மறுபடி தாவு, நாங்க எண்ணுறோம்" என்றார். இரண்டாம் முறை பிழை எங்கே என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. சிலேட்டில் இதைப் புரியவைக்க எத்தனை நேரம் ஆகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

வகுப்பில் எழுந்து நடந்து கற்பது நமக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தாங்களே எழுந்து போய்த் தங்கள் பாட அட்டையை எடுத்து வந்து படித்தார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங்கில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை 2012-ல் வேறொரு வழி கண்டார். தினமும் 15 நிமிடம் பிள்ளைகள் வெளியே ஓடலாம், நடக்கலாம். சீருடை மாற்ற வேண்டாம், போட்டி கிடையாது. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது.

நாற்பது பிள்ளைகள், சின்ன அறை, முடிக்க வேண்டிய போர்ஷன் என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. நின்ற இடத்திலேயே செய்யக்கூடியவையும் உண்டு. குறில் சொன்னால் உட்கார், நெடில் சொன்னால் கை தூக்கி எழு: ஐந்தே நிமிடம். எழ முடியாத பிள்ளை கையால் செய்யட்டும். யாரும் விடுபடக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். வீட்டுப்பாடம் முடிக்காததற்காக விளையாட்டை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து ஆடிக் கற்கும் பாடம் ஒன்றை எங்களுக்கு எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்