குறை இருக்கட்டுமே!

'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். புடவைக்கும் நகைக்கும் அது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எல்லா விஷயத்திலும் 'போதும்' என்று உட்கார்ந்துவிட்டால் உலகத்தில் ஒரு நல்ல காரியமாவது நடந்திருக்குமா, சொல்லுங்கள்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கணவர், குழந்தைகள், உத்தியோகம், கௌரவம் எல்லாம் இருந்தது. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். 'விதி' என்று அழுது ஓய்ந்திருக்கலாம். அவரோ, இந்த நோய்க்கென்று நம் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இல்லையே என்ற குறையை விடாமல் பிடித்துக்கொண்டார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. தங்கை போய் 31 வருஷம். அம்மையாருக்கோ எழுபதை நெருங்கும் வயசு! இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

'அவர் டாக்டர், நமக்கு அதெல்லாம் முடியுமா?' என்பீர்கள். குறையில் இரண்டு ஜாதி உண்டு, சகோதரிகளே. எது எந்த ஜாதி என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்ததிலிருந்து மனசு சரியில்லை என்று வையுங்கள். அது ரிப்பேராகிவிட்டது என்று கேட்டதும் மனசு லேசாகிறதா? அப்படியென்றால் அது வெறும் பொறாமை, தூக்கிப் போடுங்கள். யாருக்கு என்ன வந்தாலும் போனாலும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறதா? அதுதான் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலை!

எனக்கும் ஒன்று உண்டு. பள்ளிப் படிப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆதங்கம் இருபது வருஷத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. இரண்டு வருஷமாக, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை, எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேரை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒருத்தி பத்தாவதில் கணக்கில் போய்விட்டாள். "போதும்மா, கல்யாணம் பண்ணிடறோம்" என்றார் அவள் அம்மா. "ஒரு மாசம் என்கிட்ட விடுங்க" என்று மல்லுக்கட்டினேன். துணைத்தேர்வில் பாஸாகி இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். என் ஆதங்கம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணி எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்த்தாலும் ஒட்டாத மனசு என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது நான் சொல்லும் குறை இல்லை. வைத்தியம் வேண்டிய உடல்நிலை. வீட்டில் சொல்லி உடனே டாக்டரைப் பாருங்கள். குணமாகக்கூடியதுதான்.

மற்றவர்கள், இன்று மதியம் கொஞ்சம் ஓய்ந்ததும், உங்களை உறுத்துவதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பக்கத்திலேயே, இந்த வாரம் அதற்காகச் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்னக் காரியத்தையும் எழுதுங்கள். தெருக்குழாய்த் தண்ணீர் கலங்கலா? நாலு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். தையல் கற்க ஆசையா? பழைய துணியில் இன்றே ஆரம்பியுங்கள். புலம்பலுக்குக் கை கால் முளைத்துவிட்டால் அதற்குப் பேர் லட்சியம்!