ஆகாயத்தில் தீ!

நடு ராத்திரியில் விழித்துக் கொள்கிறீர்கள். வடக்கே அடிவானம் செக்கச் செவேலென்று சிவந்து கிடக்கிறது. உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்?

என் அத்தைக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 2024-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி ராத்திரி, லடாக்கிலுள்ள ஹான்லேயில் எடுத்த படம் ஒன்றை அவரிடம் காட்டினேன். மலை முகட்டுக்கு மேலே குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு சிவப்பு. "ஐயையோ! எந்த ஊரடா பற்றி எரிகிறது?" என்றார் அத்தை.

சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் அத்தை பெரிய மனிதர்களின் கட்சி! ரோமாபுரியைத் திபேரியுஸ் சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில், ஒரு ராத்திரி ஆகாயம் ஜொலித்ததைப் பார்த்து, ஆஸ்தியா நகரம் எரிகிறதென்று எண்ணிச் சிப்பாய்கள் உதவிக்கு ஓடினார்களாம். செனேகா எழுதி வைத்திருக்கிறார். 1938 ஜனவரி 25-ந் தேதி இங்கிலாந்தில் வின்ட்ஸர் கோட்டை தீப்பற்றி விட்டதென்று நினைத்துத் தீயணைக்கும் படையையே கூப்பிட்டு விட்டார்கள். 1859 செப்டம்பரில் ராக்கி மலைகளில் தங்கம் தோண்டியவர்களோ, பொழுது விடிந்து விட்டதென்று எழுந்து காலை ஆகாரம் தயாரிக்கவே ஆரம்பித்து விட்டார்கள்!

உண்மையில் எதுவும் எரியவில்லை. சூரியனிலிருந்து கிளம்பும் மின்துகள் புயல் பூமியின் காந்த மண்டலத்தில் வந்து மோதுகிறது. அந்தக் கலக்கத்தில் வேகம் பெற்ற எலெக்ட்ரான்கள் மேல்காற்றில் பாய்கின்றன. அங்குள்ள பிராணவாயு அணுக்கள் அந்தச் சக்தியை வாங்கி ஒளியாக வெளியிடுகின்றன. துருவப் பக்கத்தில் இந்த ஒளி பெரும்பாலும் பச்சை. அப்படியிருக்க, ஹான்லேயில் மட்டும் ஏன் சிவப்பு? எனக்குப் பெரும் புதிராக இருந்தது இதுதான்.

விடை வேடிக்கையானது. இரண்டு நிறத்தையும் தருவது அதே பிராணவாயுதான். பச்சை ஒளியை விடுவதற்கு அதற்கு ஒரு விநாடிகூட வேண்டாம். சிவப்பு ஒளியை விடவோ ஏறக்குறைய இரண்டு நிமிஷம் வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் நெரிசல் அதிகம். இரண்டு நிமிஷம் யார் சும்மா நிற்க விடுவார்கள்? திருவிழாக் கூட்டத்தில் எண்ணெய்க் கிண்ணத்துடன் நிற்பவரை நினைத்துக் கொள்ளுங்கள். விளக்கில் ஊற்றுவதற்குள் நாலு பேர் இடித்து, எண்ணெய் தரையில்தான்! 200 கிலோமீட்டருக்கு மேலே போய் விட்டால் இடிப்பதற்கு ஆளில்லை. சிவப்பு சாவகாசமாக வெளிப்படுகிறது. ஹான்லேயோ துருவத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது. பூமியின் வளைவு கீழேயுள்ள பச்சையை மறைத்து விட, உச்சியிலுள்ள சிவப்பு மாத்திரம் எட்டிப் பார்க்கிறது.

படத்தில் தெரிகிற அளவு சிவப்பை நேரில் பார்க்க முடியாது என்பதையும் சொல்லி விடுகிறேன். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரித்து அறிவதில்லை. காமிராவோ பல விநாடிகள் கண் கொட்டாமல் ஒளியைச் சேர்த்துக் கொள்கிறது.

தீ இல்லை என்றதும் நிம்மதியாகத் திரும்பிப் படுத்து விடலாமா? 1989 மார்ச் 13-ந் தேதி கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் இதே மாதிரிப் புயல்தான் மின்சாரத்தை நிறுத்தி, 60 லட்சம் ஜனங்களைச் சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது. ஹான்லே சிவந்த அந்த 2024 மே மாதத்தில், அமெரிக்காவில் மும்முரமான விதைப்பு சமயம். செயற்கைக் கோளை நம்பி ஓடிய டிராக்டர்கள் வழி தெரியாமல் தடுமாறியதால், பல விவசாயிகள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஹான்லே தொலைநோக்கிகளை நடத்தும் பெங்களூர் நிறுவனத்தின் கீழ்தான் நம் கோடைக்கானல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே 1901 முதல் சூரியனைக் கவனித்து வருவது வெறும் பொழுதுபோக்குக்காக அல்ல.

இவ்வளவையும் அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் அந்த மலைக்குப் பின்னால் பச்சையும் இருந்ததா?"

"வெகு தூரம் வடக்கே போயிருந்தால் பார்த்திருக்கலாம், அத்தை."

அத்தை படத்தை மறுபடியும் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக் கொண்டு, அந்த மலை முகட்டையே வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.